எறிகிற கை

என் மகனுடைய வலது முழங்கை முழுதாக நிமிராது. எட்டு வயதில் ஹில்ஸ்பரோ பூங்காவில் கம்பி ஏணியில் தொங்கி விழுந்து முறித்துக்கொண்டான். எலும்பு பொருந்திய பிறகும் கை ஒரு சிறு வளைவோடு நின்றுவிட்டது. எழுதலாம், சாப்பிடலாம், சண்டை பிடிக்கலாம், ஒன்றுக்கும் குறைவில்லை என்றார் டொக்டர். எங்கள் ஆட்களுடைய கிரிக்கெட்டைப் பற்றி அந்த மனுசனுக்கு என்ன தெரியும்.

என் கணவருக்கு சனிக்கிழமைக் கிரிக்கெட் மைதானம்தான் கோயில். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்குப் பந்து போட்டவர். ஒக்லாந்துக்கு வந்து கணக்காளராக உட்கார்ந்த பிறகும் தன்னைப் பந்து போடுகிறவராகவே நினைத்துக்கொண்டிருந்தார். மகன் நடக்கப் பழக முதலே அவன் கையில் பந்தைக் கொடுத்தவரும் அவர்தான். பன்னிரண்டு வயதில் பிள்ளை ஓடி வந்து பந்து போட்டால், அவனைவிடப் பெரிய பெடியன்களும் பின்வாங்கி நின்றார்கள். இவர் எல்லைக்கோட்டில் நின்று வாயெல்லாம் பல்லாகப் பார்ப்பார்.

ஒரு சனிக்கிழமை கிளென்ஃபீல்ட் பக்கத்துத் தமிழ்நாட்டுக் குடும்பங்களின் அணி வந்தது. நடுவராக நின்றவரும் அவர்களில் ஒருவர், கணினி வேலைக்காரர், சாதுவான மனிதர். மகன் முதல் பந்தைப் போட்டதும் அவர் கையை நீட்டினார். நோ-போல். இரண்டாவதும் நோ-போல். மூன்றாவதற்கும் கை நீண்டபோது இவர் உள்ளே நடந்து போனார். அந்த மனிதர் தணிந்த குரலில், "சார், தப்பா எடுத்துக்காதீங்க. பையன் மாங்கா போடறான். கை மடங்குது" என்றார்.

கிரிக்கெட்டில் முழங்கையை மடக்கிப் பிறகு நிமிர்த்திப் பந்தை விட்டால் அது போடுவது இல்லை, எறிவது. எறிகிறவன் கள்ளன். விதி விதிதான், அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வேலியோரம் தேத்தண்ணியும் கையுமாக நின்ற எங்கள் ஆட்கள் சிரித்தார்களே, அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உவன் எறியிறான் எண்டு எனக்கு அப்பவே தெரியும்" என்று ஒருவர் சொன்னார். தகப்பன் பழக்கின லட்சணம் என்று இன்னொருவர். பிள்ளை நடு மைதானத்தில் பந்தைப் பிடித்தபடி நின்றான்.

 வீட்டு வாசலில் காரால் இறங்கும்போது இவர், "இனிப் பந்து போட வேண்டாம். பட் பண்ணினால் காணும்" என்றார். அன்றிலிருந்து 'எறி' என்ற சொல் இவர் வாயில் வரவில்லை. குப்பையைக்கூட இவர் எறிவதில்லை, போடுவார். நான் சொல்வது விளையாட்டில்லை. அவமானம் ஒரு மனிதனை அந்த அளவுக்குப் பிடித்து ஆட்டும்.

நான் ஒனிஹங்காவில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். அதற்கடுத்த கிழமை ஒரு தாய் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பந்து பட்டு அவனுடைய முன்பல் உடைந்திருந்தது. என்ன விளையாட்டு என்று கேட்டேன். பேஸ்போல் என்றாள். அதில் பந்தை எப்படிப் போடுவார்கள் என்றேன். போடுவதா, எறிவார்கள், எவ்வளவு வேகமாக எறிகிறானோ அவ்வளவு நல்லது என்றாள். கையை மடக்கலாமா என்றேன். மடக்காமல் எப்படி எறிவது என்று என்னைப் பார்த்தாள். பல் உடைந்த பிள்ளையின் முன்னால் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது சரியில்லைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை மகனை அந்தத் தாய் சொன்ன பேஸ்போல் மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். வர மாட்டேன் என்று காரின் பின்சீற்றில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பயிற்சியாளர் ஒரு பந்தைக் கொடுத்து எறியச் சொன்னார். இவன் என்னைப் பார்த்தான். "எறி" என்றேன். எறிந்தான். பிடித்த பெடியன் கையுறையைக் கழற்றிவிட்டு உள்ளங்கையை ஊதினான். பயிற்சியாளர் இன்னொரு பந்தைக் கொடுத்தார். பிறகு இன்னொன்று. வீட்டுக்கு வரும்போது பிள்ளை முன்சீற்றில் இருந்தான்.

"பேஸ்போலோ? நியூசிலாந்தில ஆர் அதைப் பாக்கினம்?" என்றார் இவர். "நீர் என்ன விசரே?"

"உங்கட கிரிக்கெட்டில அவன் கள்ளன். அங்க கெட்டிக்காரன். எனக்கு அது காணும்" என்றேன்.

எறிய ஒருவன் இருந்தால் பிடிக்க ஒருவர் வேண்டும். இவர் கையுறையைத் தொடமாட்டார். ஆகவே நான் தொட்டேன். வேலையால் வந்து, சோற்றை அடுப்பில் வைத்துவிட்டு, டிரைவ்வேயில் ஒரு பெயின்ற் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்காருவேன். முகத்துக்கு முகமூடி, நெஞ்சுக்கு மெத்தை, கையில் தலையணை மொத்தத்தில் ஒரு கையுறை. முதல் மாதம் கண்ணை மூடிக்கொண்டுதான் பிடித்தேன். பிறகு கண்ணைத் திறக்கப் பழகினேன். பந்து வருமுன்னே அவன் தோள் திரும்புகிற விதத்தில் அது எங்கே வரும் என்று தெரியத் தொடங்கியது. ஒரு நாள் கணிப்புப் பிழைத்து இடது மோதிர விரல் முறிந்தது. அது இன்றைக்கும் நேராக இல்லை. எங்கள் வீட்டில் கோணல் இரண்டு.

கட்டுப் போட்ட விரலைக் கோயிலில் கண்ட ஒரு அக்கா சும்மா விடவில்லை. "நல்லாப் படிக்கிற பிள்ளை. டொக்டராக வரவேண்டியவனைக் கெடுத்துப்போட்டீர்" என்றார்.

"டொக்டராகக் கனபேர் இருக்கினம் அக்கா. உங்கட மகனை ஆக விடுங்கோ" என்றேன். அவருடைய மகன் மூன்றாவது முறையாகப் பாடநெறி மாறியிருந்தான் என்பது ஊருக்கே தெரியும். நானும் லேசுப்பட்டவள் இல்லை.

பள்ளிக்கூடத்தின் கடைசி வருடம் அமெரிக்கக் கழகம் ஒன்றிலிருந்து ஆள் தேடுகிறவர்கள் ஒக்லாந்துக்கு வந்தார்கள். கோடைத் தொடக்கத்தில் ஒரு ஆட்டம், அதில் எறிகிறவர்களைப் பார்த்துத் தெரிவு செய்வார்கள். அதைத் தவறவிட்டால் அடுத்து எப்போது வருவார்களோ யாருக்கும் தெரியாது. அன்றைக்கு இவரும் வந்தார். ஏன் வந்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்கு இரண்டு அடி தள்ளி, யாரோ மாதிரி நின்றார்.

அதற்குச் சில கிழமைகளுக்கு முன்புதான் கேதார கௌரி விரதம் முடிந்திருந்தது. விரதம் பிடித்தது நான். கடைசி நாள் ஐயர் காப்புக் கட்டுவார். ஆண்களுக்கு வலக்கை, பெண்களுக்கு இடக்கை. கட்டிய நூலை அடுத்த விரதம் வரை கழற்றுவதில்லை. மகன் கோயிலுக்கு முணுமுணுத்துக்கொண்டு வருகிறவன்தான், ஆனால் காப்பை மட்டும் ஒருநாளும் மறுத்ததில்லை. நான் பட்டினி கிடந்ததைக் கண்ணால் கண்டவன்.

அன்று நல்ல வெயில். அரைக்கைச் சட்டையோடு, எறிகிறவர் நிற்கிற மண்மேட்டில் ஏறினான். எதிரணிப் பயிற்சியாளர் அவன் மணிக்கட்டைக் காட்டி நடுவரிடம் ஏதோ சொன்னார். எறிகிறவனின் கையிலோ மணிக்கட்டிலோ ஒன்றும் இருக்கக்கூடாதாம், அடிக்கிறவனின் கண்ணை அது இழுக்குமாம். சின்ன ஆட்டங்களில் யாரும் அதைப் பார்த்ததில்லை. நடுவர் கழற்றச் சொன்னார். இவன் மாட்டேன் என்று தலையாட்டினான். அம்மாவுடைய விரதம் என்று ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. அப்படியென்றால் வேறொருவன் எறியட்டும் என்றார் நடுவர். வேறொருவன் எழும்பித் தோளை உதறத் தொடங்கினான்.

மறுபடியும் ஒரு நடுவர், மறுபடியும் அதே கை.

நான் கம்பிவலை வாசலுக்கு ஓடினேன். இவர் பின்னால் வந்து என் தோளைப் பிடித்தார். "இஞ்சரும், கட்டின காப்பை இடையில அறுக்கக்கூடாது. பிள்ளைக்கு ஆகாது."

"சாமிக்கு நான் பதில் சொல்லுறன். விடுங்கோ."

மகனைக் கூப்பிட்டேன். வந்தான். "கையைத் தா."

"நோ அம்மா. இட்ஸ் ஓகே. நெக்ஸ்ட் டைம்."

"தா எண்டனான்."

வியர்வையில் முடிச்சு இறுகிப்போயிருந்தது. கத்தரிக்கோலுக்கு எங்கே போவது. குனிந்து பல்லால் கடித்து அறுத்தேன். நூலைப் பல்லால் அறுக்காதே, பல் தேயும் என்று வருகிற நோயாளிகளுக்கெல்லாம் சொல்லுகிறவள் நான். மஞ்சளும் வியர்வையும் நாக்கில் கசந்தது. அவன் திரும்பி ஓடினான்.

காப்பு நிலத்தில் விழக்கூடாது. என் கையை இவரிடம் நீட்டி, "கட்டுங்கோ" என்றேன். இவர் என் இடக்கையைத் தேடினார்.

"அதிலை என்ர காப்பு இருக்கு. இது அவன்ர. வலக்கையிலதான் இருக்கோணும்."

இவர் என்னைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். பிறகு என் வலக்கையில் முடிச்சுப் போட்டார். முதல் பந்து கையுறைக்குள் விழுந்த சத்தம் கேட்டபோது நூலின் நுனி இன்னும் இவர் விரலில்தான் இருந்தது. அன்று அவன் எறிந்ததை நான் வர்ணிக்கப் போவதில்லை. வேகம் அளக்கிற கருவியைப் பிடித்திருந்தவர் பக்கத்தில் நின்றவரைக் கூப்பிட்டுக் காட்டினார், அது போதும். ஆட்டம் முடிந்து அவர்களில் ஒருவர் வந்து அவன் முழங்கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்து மடக்கினார், நீட்டினார், நோகிறதா என்றார். இல்லை என்றான். நல்லது, இதை ஒருவரும் நிமிர்த்த வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு ஒன்றும் வெல்லப்பாகாக ஓடிவிடவில்லை. அமெரிக்காவில் கீழ் லீக்குகளில் பெயர் தெரியாத ஊர்களுக்குப் பஸ்ஸில் அலைந்தான். தோள் நோவில் ஒரு வருடம் வீணானது. ஒரு கழகம் கைவிட்டது, இன்னொன்று எடுத்தது. இங்கே சனங்களுக்கு வாய் சும்மா இருக்குமா. திரும்பி வரட்டும், இன்னும் வயது இருக்கிறது, ஏதாவது படிக்கலாம் என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள். நான் அழுதால்தானே ஆறுதல். பெயின்ற் வாளி டிரைவ்வேயில் அப்படியே கிடக்கிறது, வந்தால் எறிவான், நான் பிடிப்பேன் என்றேன். இவர் கந்தோரில் தேத்தண்ணி இடைவேளையில் தொலைபேசியில் அவன் ஆட்டங்களைப் பார்க்கத் தொடங்கியிருந்தார். யாராவது விசாரித்தால், "ஓம், நல்லாப் போடுறான்" என்பார். பேஸ்போலில் யாரும் பந்து போடுவதில்லை. அது இவருக்கும் தெரியும்.

பிறகு ஒரு நாள் மேல் லீக்கிலிருந்து அவனுக்கு அழைப்பு வந்தது. அங்கே இரவு ஆட்டம், எங்களுக்குப் பட்டப்பகல். நான் லீவு எடுத்தேன். யார் சொல்லி வந்தார்களோ, எங்கள் கூடத்தில் கால் வைக்க இடமில்லை. கட்லட்டும் ரோல்ஸும் கொண்டு வந்தவர்களில் அன்று வேலியோரம் சிரித்தவர்களும் இருந்தார்கள். அன்று நடுவராக நின்ற கிளென்ஃபீல்ட் மனிதரும் மனைவியோடு வந்திருந்தார்.

முதல் ஆளுக்கு எறிந்ததெல்லாம் வெளியே போனது, அவன் அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்து போனான். கூடத்தில் ஒருவர் உச்சுக்கொட்டினார். நான் அவன் தோளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த ஆளுக்குத் தோள் சரியாகத் திரும்பியது, வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஆள் தட்டிய பந்து நிலத்தில் உருண்டு அவனையும் முதல் தளத்தில் நின்றவனையும் ஒன்றாக வெளியேற்றியது. மூன்றாவது ஆள் காற்றைத்தான் அடித்தான். கமெரா மகனுடைய கையைக் கிட்டக் காட்டியது. வெறும் மணிக்கட்டு, வளைந்த முழங்கை. கூடமே கைதட்டியது.

கிளென்ஃபீல்ட் மனிதர் கண் கலங்கியிருந்தார். "அக்கா, அந்தக் கையில ஏதோ இருக்குன்னு நான் அன்னைக்கே பார்த்தேன்" என்றார்.

"ஓம். பாத்துத்தானே மூண்டு நோ-போல் குடுத்தனீங்கள்" என்றேன். அவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்து அவருக்கு இன்னொரு ரோல்ஸ் வைத்தேன். வேலியோரத்து ஆட்களுக்கு நான் வைக்கவில்லை, அவர்களாகவே எடுத்துச் சாப்பிட்டார்கள்.

அந்த வருட விரதம் முடிகிற நாள் கோயிலில் நல்ல கூட்டம். என் முறை வந்ததும் இடக்கையை நீட்டினேன், ஐயர் கட்டினார். அவன் அமெரிக்கா போனதிலிருந்து அவனுடைய காப்பைத் தட்டத்தில் வாங்கிவந்து வீட்டில் நானே கட்டிக்கொள்வேன். இந்த முறை அங்கேயே வலக்கையையும் நீட்டினேன். ஐயர் புதியவர். நூலைப் பிடித்தபடி தயங்கினார்.

"அம்மா, பெண்களுக்கு வலக்கையில கட்டுறதில்லை."

"இது மகன்ரை ஐயா. அவனுக்கு அங்க கையில ஒண்டும் கட்டேலாது."

பின்னால் சலசலப்பு. அந்த அக்காவின் குரல், "வழக்கமில்லாத வழக்கம்" என்றது. நான் கையை எடுக்கவில்லை. வேண்டுமென்றால் சாமம் வரைக்கும் அப்படியே நின்றிருப்பேன்.

எனக்குப் பின்னால் நின்ற இவர் முன்னுக்கு வந்தார். மைதானத்தில் கூடுகிற எங்கள் ஆட்கள் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். இவர் என் வலக்கையை மணிக்கட்டுக்குக் கீழே தாங்கிப் பிடித்து, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்.

"கட்டுங்கோ ஐயா. அது என்ர மகன் எறியிற கை."