சிவப்புக் கோடு போட்ட பத்து போல்ட்

என் வீட்டுக்காரர் கடைகளில் இருக்கும் எடை மெஷின்களைப் பழுது பார்க்கிறவர். அரை கிராம் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார். அப்படிப்பட்ட மனுஷன் காருக்கு வாங்கிய ஒரே கேஸ்கெட்டை இரண்டு தடவை மாற்றிவிட்டு, மூன்றாவதையும் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினால் எனக்குக் கோபம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

கார் அவர் அண்ணனுடையது. பெரியவர் போய் நாலு மாதமாகிறது. வேலைக்குக் கிளம்பியவர் படிக்கட்டில் உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவே இல்லை. மேட்டில் ஏறினால் கார் திணறுகிறது, வால்வுகளைத் திறந்து மூடுகிற கேம்ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது, கொஞ்சம் வலுவானதாக நாமே போட்டுவிடலாம் என்று அண்ணனும் தம்பியும் ஒரு வருஷமாகப் பேசிப் பேசியே பொழுதைப் போக்கினார்கள். புது கேம்ஷாஃப்ட்டைப் பெரியவர்தான் வாங்கி வைத்தார். இப்போது அவர் மனைவிக்கு (எனக்கு அக்கா முறை) மலைமேல் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சேர வேண்டும். அங்கே பஸ் கிடையாது. கார் ஏறினால்தான் வேலை.

எங்கள் வீட்டில் யாரும் அழவில்லை. இவர் ஒரு சொட்டுக்கூட விடவில்லை. சாப்பிடுங்கள் என்றால் சாப்பிட்டார், படுங்கள் என்றால் படுத்தார். பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைக் கிள்ளிப் பார்ப்போமே, அதுபோல நானும் அவ்வப்போது பெரியவரை நினைத்துப் பார்ப்பேன். ஒன்றும் உறைக்காது.

இவர் செய்த ஒரே காரியம் சாமான் சேர்த்ததுதான். டைமிங் செயின் சாப்பாட்டு மேஜையில், வால்வு ஸ்பிரிங் பிரிட்ஜ் தலையில், ஆயில் சீல் என்னுடைய நல்ல கண்ணாடிக் கிண்ணத்தில். பாக்கி இருந்தது வால்வு கவர் கேஸ்கெட் மட்டும். எஞ்சினின் மேல்மூடிக்கு அடியில் வைக்கிற ரப்பர் பட்டை, அவ்வளவுதான்.

மூன்றாவது தடவை நானும் கடைக்குக் கூடவே போனேன்.

"அம்மா, உங்க வண்டிக்கு இது ஒண்ணுதாம்மா வருது," என்றார் கடைக்காரர். "சார் என்ன தேடுறார்னே புரியல."

"தடிமன் கூட இருக்கு," என்றார் இவர்.

"எவ்வளவு சார் கூட?"

"மயிரிழை."

"போட்டு முறுக்கினா அமுங்கிடும் சார். புது போல்ட்டும் வேணும்னா தர்றேன்."

"போல்ட் வேணாம். பழசே போதும்."

எனக்குப் பொறுக்கவில்லை. கேஸ்கெட்டை அவர் கையிலிருந்து பிடுங்கி என் பைக்குள் போட்டுக்கொண்டேன். "என் உயிரை ஏங்க வாங்குறீங்க? திங்கட்கிழமை அக்கா என்ன, பறந்தா போவாங்க?"

வீட்டுக்கு வந்தோம். இவர் நேராகக் காரிடம் போய் பானெட்டைத் தூக்கிக் காட்டினார். மூடியைச் சுற்றிப் பத்து போல்ட். ஒவ்வொன்றின் தலையிலும் சின்னதாக ஒரு சிவப்புக் கோடு, பாதி போல்ட்டில், பாதி மூடியில். பெரியவரின் பழக்கம் அது. போல்ட்டை முறுக்கி முடித்ததும் அக்காவின் நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுப்பார். போல்ட் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும்.

"கழட்டினா கோடு விலகிடும்," என்றார். "கேஸ்கெட் பழைய தடிமன்லயே கிடைச்சா, திரும்ப முறுக்கும்போது அதே இடத்துல வந்து சேரும்."

"சேரலைன்னா?"

பானெட்டை மெல்ல இறக்கி மூடினார். கடையில் கத்தியதை நினைத்து எனக்கு வெட்கமாகப் போயிற்று.

அக்காவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமை காலையிலேயே வந்துவிட்டார்.

"இதுக்காகவா தம்பி ஒரு மாசமா இழுக்குறீங்க? ஸ்பேனரைக் குடுங்க." முதல் போல்ட்டை அக்காவே தளர்த்தினார். கோடு இரண்டானது. "பாலிஷ் பாட்டிலைத் திறந்தா மூடவே மாட்டார் அந்த மனுஷன். எத்தனை பாட்டில் காஞ்சு போச்சு! அதுக்கே எத்தனை சண்டை போட்டிருக்கேன்," என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைத் தம்பியிடம் நீட்டினார்.

மறுநாள் மத்தியானம் வேலை முடிந்தது. அட்டையில் துளை போட்டு வரிசையாகச் செருகி வைத்திருந்த பழைய போல்ட்டுகள் அதனதன் இடத்துக்கே திரும்பிப் போயின. அளவு வந்ததும் 'க்ளிக்' என்று சொல்லும் ஸ்பேனரால் முறுக்கினார். க்ளிக். கோடு சேரவில்லை. அடுத்ததும் சேரவில்லை. பத்தில் ஒன்றுகூட சேரவில்லை.

"ஏங்க, இன்னும் ஒரு தள்ளு தள்ளினா சேர்ந்துடுமே," என்று நானே சொல்லிவிட்டேன்.

குனிந்து கோட்டைப் பார்த்தார். "தள்ளினா ரப்பர் நசுங்கிடும். எண்ணெய் ஒழுகி அண்ணி பாதி மலையில நிப்பாங்க." ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

அக்கா கைப்பையிலிருந்து அதே சிவப்பு பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. அண்ணனின் கோடுகளைத் துடைக்காமல், ஒவ்வொன்றின் பக்கத்திலும் இவர் ஒரு கோடு இழுத்தார். ஒன்பது கோடு ஆனது. பத்தாவதற்குப் பிரஷ் வெறுமனே தேய்ந்தது. பாட்டிலைக் குலுக்கினார், கவிழ்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"தீந்துடுச்சு அண்ணி," என்றார். அப்புறம் என்னைப் பார்த்தும் அதையே சொன்னார். சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்தவர், நாலு மாதத்து அழுகையையும் அங்கேயே அழுது தீர்த்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பானெட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு மூடக்கூடத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டரைக்கு அக்காவிடமிருந்து போன். "ஏறிடுச்சு," என்றார். அந்தப் பத்தாவது போல்ட்டில் இன்றைக்கும் பெரியவர் கோடு மட்டும்தான் இருக்கிறது.