கறுவலுக்கு ஸகியா படிப்பித்தது

வரிப்பத்தான்சேனை ஸகியாவுக்கு நாய் என்றாலே ஆகாது. எண்பத்தோராம் ஆண்டு காட்டுப்பன்றிகள் நெல் வேளாண்மையை உழுதுபோட்டபோது, அவள் புருசன் ஜவுபர் ஒரு கறுப்புக் குட்டியை வயலில் காவல் குடிசையான வாடிக்குக் கொண்டுவந்து விட்டார். வயல் காவலுக்கு நாய் வைக்க மார்க்கத்தில் தடையில்லை என்பதால் அவளும் ஒத்துக்கொண்டாள்.

கறுவல் என்று பேர் வைத்த அந்தக் குட்டி வளர்ந்து பன்றிகளைத் துரத்தியது. குறை ஒன்றுதான். மனிசரைக் கண்டால் அதற்குத் தாங்காத சந்தோசம். பாய்ந்து மேலே ஏறி நக்கும். நாயின் எச்சில் பட்டால் மண் போட்டு ஏழு தரம் கழுவாமல் தொழ முடியாது.

கதிர் பழுக்கும் நேரம். கதிர் வெட்டுக்காரரின் தலைவர் அப்துல் ஸமட் வயல் பார்க்க வந்தார். அவர் உடுத்திருந்த வெள்ளைச் சாரனில் கறுவலின் முன்னங்கால்கள் இரண்டும் பதிந்தன.

"ஜவுபர், இன்னும் இருவது நாளையில வெட்டுக்கு வாறம். அதுக்குள்ள இந்த நாய எங்கயாவது அனுப்பிரு. இல்லாட்டி ஒருத்தனும் வரமாட்டான்."

"ஒலுவில் பக்கம் கொண்டுபோய் விட்டுட்டு வாறன்," என்றார் ஜவுபர் ஸகியாவிடம், ஸமட் போன பிறகு.

"இஞ்சேருங்க, பிறகு பன்றிய ஆரு துரத்துற? நாய்க்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லிக்குடுக்கல்லயே."

"நாய்க்கு ஓதிக்குடுக்கப் போறியா?" ஜவுபர் சிரித்துவிட்டார்.

அடுத்த நாளிலிருந்து, பகல் சோறு கொண்டுபோகும்போது ஸகியா கருவாட்டுத் தலைகளையும் முடிந்துகொண்டாள். இதற்கென்றே ஒரு பழஞ்சீலையை உடுத்துக்கொண்டாள். கறுவல் பாய்ந்தால் முதுகைக் காட்டி நிற்பாள். களைத்துப்போய்க் குந்தினால் "இரி" என்று சொல்லி ஒரு தலையை எறிவாள். முதல் மூன்று நாளும் வாய்க்காலில் கழுவியே கை விறைத்தது. நாலாம் நாள், அவள் வாய் திறந்ததும் கறுவல் குந்தி இருந்தது. இருந்து அவள் முகத்தையே பார்த்தது. அவள் சொல்லுக்காக ஒரு சீவன் அப்படிக் காத்திருந்தது அதுவே முதல் தடவை. அந்தச் சந்தோசத்தில் இன்னொன்றும் பழக்கினாள். "கை குடு" என்றால், அவள் நீட்டும் கம்பின் நுனியில் காலை வைக்கும்.

வெட்டு நாள். நாய் போயிருக்கும் என்று நம்பி, பன்னிரண்டு பேர் கதிர் அறுக்கும் தாக்கத்தியோடு வரம்பில் வரிசையாக வந்தார்கள். கறுவல் எழும்பிவிட்டது. உடம்பெல்லாம் துடித்தது. ஸகியா சத்தம்போட்டுச் சொன்னாள்:

"கறுவல், இரி!"

இருந்தது. வால் மட்டும் புழுதியைக் கூட்டியது. மெல்ல முனகியது, ஆனால் அசையவில்லை. பன்னிரண்டு பேரும் சாரனை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு முழத் தூரத்தில் கடந்து போனார்கள்.

பின்னால் வந்த அப்துல் ஸமட் நின்றுவிட்டார். "இதென்ன புதினம்? ஆரு பழக்கின, ஜவுபரா?"

"நான் இல்ல ஸமட் காக்கா," என்றார் ஜவுபர். "நான் கொண்டுபோய் விடத்தான் பாத்தன். எல்லாம் இவதான்."

பகல் சோற்றுக்கு இருந்தபோது, கறுவல் கம்பில் கால் வைப்பதைப் பார்க்க எல்லாரும் கேட்டார்கள். ஒரு தரம் காட்டினாள். இன்னொரு தரம் காட்டச் சொன்னவர் அப்துல் ஸமட்தான்.

கதை பக்கத்து வயல் வட்டைகளுக்கும் போனது. அடுத்த போகம் தொடங்கிய கிழமை, றஹீமா என்ற பெண் ஒரு செம்மறை நிற நாயைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு வாடிக்கு வந்தாள்.

"ஸகியா ராத்தா, இது ஒரு சொல்லும் கேக்குதில்ல. இதுக்கும் சொல்லிக்குடுப்பீங்களா?"

ஸகியா அதை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஓம் புள்ள. முதல்ல அந்தக் கயித்த அவிழு."