முதல் வாய்

அந்த நாவலை எனக்கு இரவல் தந்தவர் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். சென்னைப்பட்டினத்திலிருந்து தபாலில் வந்தது. "மாஸ்டர், உந்தப் புத்தகத்தை வாசிச்சுப்போட்டுக் காய்ச்சலிலை கிடக்கக் கூடாது, கண்டீரோ" என்றார். நான் சிரித்தேன். நெல்லியடிச் சந்தையில் ஆடு முட்ட வந்தால் மதிலேறுகிற ஆள் நான். காகிதத்துக்குமா பயப்படப் போகிறேன் என்று நினைத்தேன்.

கதையில் பேயில்லை, கொள்ளைக்காரன் இல்லை. ஒரு வீடு, ஒரு புருஷன், அவனைக் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போன ஒரு பெண். அவளுடைய தோடு காணாமற்போகும். பிறகு அரிசிப் பானைக்குள் கிடக்கும். "நீதான் வைத்தாய், மறந்துவிட்டாய்" என்று அவன் தலையைத் தடவிச் சொல்வான். குரலை உயர்த்தவே மாட்டான். நாள்தோறும் தன் கையாலேயே பால் காய்ச்சிக் கொடுப்பான். அந்தப் பாலில் என்ன என்று எழுதினவர் மூச்சே விடவில்லை. அவள் குடித்தாள் என்பதோடு அத்தியாயம் முடியும். நான் எழும்பி விளக்கைத் தூண்டிவிட்டேன்.

வேறு ஊர் ஆண்பிள்ளை என்றால் அந்தப் பெண்ணுக்காக இரண்டு முறை உச்சுக்கொட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பான். எங்கள் பக்கத்தில் பெண் கலியாணம் கட்டி எங்கும் போவதில்லை. வீடும் அதைச் சுற்றிய வளவும் சீதனமாக அவள் பேரில் எழுதப்பட்டிருக்கும். மாப்பிள்ளைதான் ட்ரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே போய்ச் சேருவான். நான் போய்ச் சேர்ந்து அப்போது எட்டு மாதம். மூன்றாம் அத்தியாயத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது: அந்தப் பெண் நான்தான்.

அந்த வாரம் என் மூக்குக்கண்ணாடி காணாமற்போனது. கிணற்றுக்கட்டில் இருந்து மனைவி எடுத்து வந்தாள். "நீங்கள்தான் வச்சிட்டு மறந்து போனியள்" என்றாள். மெல்லத்தான் சொன்னாள். எட்டு மாதத்தில் ஒருநாளும் அவள் குரல் உயரவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. எந்தக் கதவு கிறீச்சிடும், எது கிறீச்சிடாது என்று அவளுக்குத் தெரியும். நான் வாசித்துக்கொண்டிருப்பேன், சத்தமில்லாமல் பின்னால் நின்று "கோப்பி" என்பாள். அவள் போனதும் அதை வாழையடியில் ஊற்றுவேன். அந்த வாழை கொழுத்தது. நான் மெலிந்தேன்.

கணக்கு வாத்தியாரிடம் வாய்விட்டுச் சொன்னேன்.

"விசரே உமக்கு, புத்தி பேதலிச்சுப் போச்சே? வீடும் அவவின்ரை, வளவும் அவவின்ரை. உம்மைக் கொண்டு அவவுக்கு என்ன லாபம்?"

"அதுதான் அண்ணை. அந்த வீட்டிலை அவவின்ரை இல்லாத சாமான் நான் மட்டும்தான்."

அவர் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுப் படலையைத் திறக்குமுன் உள்ளே எட்டிப் பார்த்தேன்.

சனிக்கிழமை மத்தியானம். சோறும் முருங்கைக்காய்க் கறியும் தேங்காய்ப்பால் சொதியும். கறி வாசம் வழக்கம் போல இல்லை என்று என் மூக்கு சொன்னது. புருஷன் சாப்பிட்டு எழும்பியபின் அதே சோற்றுக் கோப்பையில் பெண்சாதி சாப்பிடுகிற காலம் அது. நான் கோப்பையை அவள் பக்கம் தள்ளினேன்.

"இஞ்சாரும், இண்டைக்கு நீர் முதல் சாப்பிடும்."

பகிடி என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அங்கிருந்து கறிச்சட்டியை, அங்கிருந்து நான் இருந்து வாசிக்கிற கதிரையில் கவிழ்ந்து கிடந்த புத்தகத்தை.

"நீங்கள் பள்ளிக்கூடம் போன நேரம் நானும் வாசிச்சனான்" என்றாள். "பால் குடுக்கிற இடம் மட்டும்."

அப்போதாவது ஒரு பகிடி விட்டிருக்கலாம். வாழ்நாளெல்லாம் வேண்டாத இடத்தில் பகிடி விட்டவனுக்கு அன்று ஒன்றும் வரவில்லை.

அவள் எதிரே இருந்து, சோற்றில் கறியைக் குழைத்து ஒரு வாய் தின்றாள். சொதியில் ஒரு வாய். விழுங்கினாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். என்ன செய்கிறாள் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. காத்திருந்தாள். நஞ்சு இருந்தால் ஏற எடுக்கும் அளவு நேரம், என்னைப் பார்த்தபடி, காத்திருந்தாள்.

"இனிச் சாப்பிடுங்கோ."

பெண்சாதியின் எச்சிலைத் தின்ற முதல் ஆண் எங்கள் பரம்பரையில் நானாகத்தான் இருப்பேன். கறியில் ஒரு குறையும் இல்லை.

புத்தகத்தை முடிக்காமலே திருப்பிக் கொடுத்தேன். முடிவைச் சொல்ல வந்த கணக்கு வாத்தியாரிடம் "வேண்டாம்" என்றேன். வீட்டில் அடுத்த நாளும் அவள் முதல் வாய் எடுத்தாள். அதற்கடுத்த நாளும். மன்னிப்புக் கேட்டேன். கெஞ்சினேன். "நான் பகிடிக்குத்தானேயப்பா சொன்னனான்" என்று பொய்யும் சொன்னேன். "ஓம், தெரியும்" என்றபடியே சோற்றைக் குழைத்தாள். கோபம் இல்லை. குரல் உயரவில்லை.

ஒருமுறை கடும் காய்ச்சலில் பாயோடு கிடந்தாள். அயல்வீட்டு அக்கா எனக்குக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். நான் கரண்டியைத் தொடத்தான் போனேன். உள்ளிருந்து அவள் குரல்.

"அதை இஞ்சை கொண்டு வாங்கோ."

கொண்டுபோனேன். தலையைத் தூக்க முடியவில்லை, நான்தான் பிடித்தேன். ஒரு வாய் குடித்தாள். கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டு காத்துக்கிடந்தாள். அயல்வீட்டு அக்கா வாசலில் நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கஞ்சி என் கையில் ஆறிக்கொண்டிருந்தது.