சிப்பாய் 41 எந்த ஷிப்ட்?

என் மகள் பெங்களூரில் ராட்சதப் பூச்சி செய்கிறாள். சம்பளத்துக்குத்தான். சின்ன வீடியோ கேம் கம்பெனி, மொத்தம் ஒன்பது பேர். ஊரை அழிக்க வரும் பூரான், நண்டு, சிலந்தி இவற்றைச் சுட்டுத் தள்ளும் விளையாட்டு. சேர்ந்த புதிதில் ஆசையாக ஒரு பூரான் படம் அனுப்பியிருந்தாள். தலையில் கொம்பு. அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருக்கிற கொழுப்பில், "பூரானுக்குக் கொம்பு வெக்கிறதுக்கா பாப்பா இன்ஜினியரிங் படிச்ச?" என்று கேட்டேன். நகைச்சுவை என்றுதான் நினைத்தேன். அதன்பின் அவள் அம்மாவோடு மட்டும்தான் பேசினாள். எட்டு மாதம். "அப்பா இங்கதான் இருக்காரு, தரட்டுமா?" என்று என் மனைவி போனில் கேட்பாள், அங்கிருந்து ஏதோ பதில் வரும், இவள் போனை வைத்துவிட்டுக் கத்தரிக்காய் நறுக்கப் போய்விடுவாள்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் எதையும் படித்துப் பார்க்காமல் கருத்து மாற்றிக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை. படித்துப் பார்க்காமல் கருத்துச் சொல்லும் பழக்கம்தான் இருக்கிறது. குவார்ட்டர்ஸில் அவள் விட்டுப்போன பழைய லேப்டாப்பைத் திறந்தேன். அதில் அந்த விளையாட்டு இருந்தது. அழுத்தியதும் பேர், ஊர் எதுவும் கேட்காமல் உள்ளே விட்டது. என் சிப்பாய்க்கு எண் 12.

முதல் அரை மணி நேரம் என் கருத்து உறுதிப்பட்டது. பூரானின் கால்கள் தரையில் படாமலே அது நடந்தது. நண்டு சுவருக்குள் பாதி உடம்பை விட்டுவிட்டு மீதியோடு சண்டை போட்டது. ஏழு மாடிக் கட்டடம் பிஸ்கட் போலப் பொடிந்தது. எங்கள் தளபதி, "பயப்படாதீர்கள், நாம் எல்லோரும் இறந்துவிட்டோம்" என்று தெம்பு சொன்னார்.

ஐந்தாம் நாள் பூரான் விழுந்தபோது நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தேன்.

ஏன் என்று யோசித்தேன். திருவதிகைப் பக்கம் கூத்தில் அசுரனாக வருபவர் உரக்கடைக்காரர் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் முன்வரிசை பின்னால் நகரும். பெரிய செலவில் செய்த விளையாட்டு நம்மை மிரட்டுகிறது. இதுவோ, 'என்னால் ஆனது இவ்வளவுதான், நீயும் கொஞ்சம் பயந்துகொள்' என்று கேட்டுக்கொள்கிறது. மறுக்க முடியவில்லை. இன்னொரு காரணமும் உண்டு. நான் சுரங்கத்தில் கன்வேயர் செக்‌ஷன். அங்கே ஒரு போல்ட் கழன்றால் நான்கு பேருக்கு விளக்கம் எழுத வேண்டும். இங்கே ஊரே இடிகிறது; மெமோ இல்லை.

இரண்டாம் வாரம் சிப்பாய் 41 வந்தார். முகம் தெரியாத ஆள், எங்கிருந்தோ ஆடுகிறவர். நான் விழுந்தால் ஓடிவந்து தூக்கி எழுப்புவார். பேச மாட்டார். எழுத்துப் பெட்டியில் 'ஓகே' என்று போடுவதோடு சரி. நல்ல ஆள் என்றுதான் நினைத்தேன், நேரத்தைக் கவனிக்கும் வரை.

நான் முதல் ஷிப்ட் பார்க்கும் வாரத்தில் அவர் மாலை நாலு மணிக்கு வந்தார். எனக்கு ரெண்டாம் ஷிப்ட் என்றால் காலை பத்துக்கு வந்தார். எனக்கு வார ஓய்வு வரும் நாளில் அவரும் நாள் முழுக்க அங்கேயே இருந்தார். எங்கள் ஊரில் ஒரு ஆளை அடையாளம் காண முகம் வேண்டாம், ஷிப்ட் போதும். ஆக, இந்த ஆள் என்னோடு சேர்ந்து ஷிப்ட் மாறும் என் செட்டிலேயே இருக்கிறான். மனமகிழ் மன்றத்தில், செல்போன் விளையாட்டு மூளையை எப்படி அரிக்கிறது என்று நான் முக்கால் மணி நேரம் பேசியதைக் கைதட்டிக் கேட்டவர்களில் ஒருவன்.

அன்றிலிருந்து கேன்டீனில் எல்லோருடைய கட்டைவிரலையும் பார்த்தேன். சந்தேகம் சேத்தியாத்தோப்பிலிருந்து வரும் தம்பி மேல் விழுந்தது. போனைப் பார்த்துத் தனியாகச் சிரிப்பவன். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து தூண்டில் போட்டேன்.

"சிலந்தி வந்தா மொதல்ல முட்டையத்தான் அடிக்கணும், இல்லையா?"

அவன் என்னைக் கனிவாகப் பார்த்தான். "குவார்ட்டர்ஸ்ல ரொம்பத் தொல்லையாண்ணே? நீங்களே எதுக்கு அடிச்சிகினு இருக்கீங்க, கம்ப்ளெய்ன்ட் எழுதிக் குடுங்க. மருந்து அடிச்சிட்டுப் போவாங்க."

நடிக்கிறான் என்று முடிவு செய்தேன்.

அந்த வாரம் எங்கள் செட்டுக்கு முதல் ஷிப்ட். ரெண்டாம் ஷிப்ட் ஆள் ஒருவர், மறுநாள் விடியற்காலை கிரகப்பிரவேசம், முந்தின சாயங்காலமே வீட்டில் இருக்க வேண்டும் என்று கேட்டார். ஒரே ஒரு நாள் ஷிப்ட் மாற்றிக்கொண்டேன். என் முதல் ஷிப்டுக்கு அவர், அவருடைய ரெண்டாவதுக்கு நான் என்று கடைசி நேரத்தில் முடிவானது. எனக்கு ஓய்வான அந்தக் காலையில் லேப்டாப்பைத் திறந்தேன். முந்தின நாள் வரை மாலை நாலுக்கு வந்த சிப்பாய் 41 அன்று காலை பத்து மணிக்கே வந்து நின்றார்.

சேத்தியாத்தோப்புத் தம்பி அப்போது சுரங்கத்துக்குள் இருந்தான். மாற்றிக்கொண்ட ஆளும், அதற்குக் கையெழுத்துப் போட்ட இன்சார்ஜும் உள்ளே. விஷயம் தெரிந்த இன்னொரு ஆள் என் வீட்டுச் சமையலறையில் இருந்தாள். எழுந்து போய்ப் பார்த்தேன். இரண்டு கையிலும் இட்லி மாவு. அந்தக் கையோடு துப்பாக்கி பிடிக்க முடியாது.

"எனக்கு ஷிப்ட் மாறினதை யார்கிட்ட சொன்ன?"

"யார்கிட்ட சொல்லணுமோ அவகிட்ட."

"எவகிட்ட?"

"ஏங்க, எத்தினி பொண்ணு பெத்து வெச்சிருக்கீங்க?" முத்தாண்டிக்குப்பத்துக்காரி, கேள்விக்குப் பதில் கேள்விதான். "வாரா வாரம் உங்க ஷிப்ட் சீட்ட போட்டோ எடுத்து அனுப்பிகினுதான் இருக்கேன். அவளோட நம்பர்ல உள்ள பூந்துகினு ஆடறீங்களாம். பழைய பன்னெண்டாம் நம்பரு திடீர்னு உயிர் வந்து சிலந்திகிட்ட அடி வாங்கிச்சாம். ஒரே நாள்ல பதினாலு தடவ செத்தீங்களாமே? பாக்கச் சகிக்கலன்னு வந்து நிக்கிறா."

"அவளுக்கு வேலை இல்லையா?"

"ஆடிப் பாக்கறதும் வேலைதானாம்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க மட்டும் சொல்லிகினா ஆடுனீங்க? கதவ சாத்திகினு, 'ஐயோ பின்னால, பின்னால'ன்னு ஒரே கத்தல். வூடு பூரா கேக்குது. மேல் வூட்டம்மா வந்து, சாருக்கு முதுகுல எதுனா வலியான்னு கேட்டுட்டுப் போச்சு."

திரும்பி வந்தேன். இடிந்த தெருவில் சிப்பாய் 41 அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். நின்றுகொண்டிருந்தாள். தூரத்தில் பூரான் வந்துகொண்டிருந்தது. எட்டு மாதமாக மனதில் எழுதி அடித்து வைத்திருந்த நீண்ட வாக்கியங்கள் எதுவும் அந்தப் பெட்டிக்குள் அடங்குகிற அளவில் இல்லை.

'கொம்பு நல்லா இருக்கு' என்று எழுதினேன்.

பதில் வந்தது: 'கொம்பு வேற ஒருத்தர் செஞ்சது. வால் மட்டும்தான் நான்.'

இத்தனை நாளில் நான் வாலைப் பார்த்ததே இல்லை. தலையைப் பார்த்துச் சுடுவேன், அல்லது முதுகைக் காட்டி ஓடுவேன். துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு, பூரானைச் சுற்றி அதன் பின்பக்கம் ஓடினேன். அத்தனை காலும் அந்தரத்தில் நடக்க, வால் மட்டும் தரையைத் தொட்டு, கனத்தோடு, புழுதி கிளப்பி வந்தது. கணுக்கணுவாகத் தனித்தனியே அசைந்தது. நுனியில் இரண்டு நீண்ட கொடுக்குகள், ஒன்று லேசாக உடைந்து. அதை எதற்கு உடைத்தாள் என்று குனிந்து பார்த்தபோது வால் என்னைத் தூக்கி எதிர்க் கட்டடத்தில் அடித்தது.

அவள் ஓடிவந்து எழுப்பினாள். பெட்டியில் எழுத்து வந்தது.

'அப்பா, பாத்தது போதும். சுடுங்க.'