தகப்பன் பக்கத்துக்கு ஒரு படையெடுப்பு: கல்லடி முதல் கொக்கட்டிச்சோலை வரை

சென்ற சனிக்கிழமை, உலகம் சுற்றியவர்கள் எல்லாம் வெட்கித் தலைகுனியும்படியான ஒரு பயணம் போனேன். தூரம் பதினான்கு கிலோமீற்றர்.

காரணம் என் மகள். மனிதர்களின் மரபணுக்களைப் படிக்க வெளிநாட்டில் கணினியைப் பழக்குகிறாள். எந்த நோய்க்கு எந்த நோய் சொந்தம் என்று அது வரைபடம் போடுகிறதாம். கேட்ட உற்சாகத்தில் எங்கள் குடும்ப நோய்களை எழுதி அனுப்பினேன். நாற்பத்தாறு பேர். ஒருவருக்கும் என் தோல் வருத்தமான சொரியாசிஸ் இல்லை. பதினொரு வருடமாக முழுக்கைச் சட்டைக்குள் ஒளிந்து, கல்யாண வீடுகளைத் தவிர்த்து வாழும் தனிப்பிறவி பிரபஞ்சத்திலேயே நான்தான்.

"அப்பா, இது முழுக்க உங்கட அம்மாட ஆக்கள். உங்கட அப்பாட பக்கம் எங்க?"

"அவர் வேற குடி, மகள்."

"கம்பியூட்டருக்குக் குடி தெரியாதப்பா. மரபணு ரெண்டு பக்கத்தாலயும் வரும்."

இங்கே குடி, அதாவது குலம், தாய்வழியில் வருவது. குடும்பம் என்றால் கை தானாக அந்தப் பக்கத்தைத்தான் எழுதும். தகப்பன் பக்கத்தில் மிஞ்சியிருப்பது மாமி மகன், என் மச்சான் ஒருவன்தான். அவனுக்கும் இது இருந்தால் நான் தனியில்லை.

காலை 7.10க்கு ஓட்டோ. மண்முனைப் பாலத்தில் ஐந்து நிமிடம் நின்றோம். கீழே வாவி, ஒரே ஒரு தோணி.

"கூட ஒருத்தரும் வரல்லையா ஐயா?" என்றார் சாரதி.

"படை பின்னால வருது."

பாவம், திரும்பிப் பார்த்தார்.

7.50க்கு மச்சான் வீடு. மண்வெட்டியோடு வயல் வட்டைக்குப் புறப்பட்டவன் என்னைக் கண்டதும், "ஆர் செத்தது?" என்றான்.

"இன்னும் ஒருத்தரும் இல்ல. உனக்குத் தோல்ல ஏதும் வருத்தம் இருக்கா?"

"எனக்கு எருமைத்தோல்டா. குடல்தான் சனியன். குடல் அழற்சி எண்டு ஆசுபத்திரியில சொன்னவங்க. கல்யாண வீட்டில ரெண்டு கவளம் திண்டா மூணு தரம் ஓடணும். அதான் ஒரு இடமும் போறல்ல."

அப்படியென்றால் நான் தனிப்பிறவியேதான். மகளுக்கு அழைத்துச் சொன்னேன்.

"அந்த ரெண்டும் வரைபடத்தில பக்கத்து வீடுகள், அப்பா! ஆனா உங்க ரெண்டு பேருக்கும் ஒரே காரணமா எண்டு இதை வச்சுச் சொல்லேலாது. மாமா மருந்தை விடாம எடுக்கட்டும்."

சட்டைக் கையை மடித்துக் காட்டினேன். மச்சான் மண்வெட்டியைச் சாத்திவிட்டுக் குனிந்து பார்த்தான்.

"இதுக்காடா பதினொரு வருசம் வரல்ல?"

இருவரும் தேத்தண்ணீர் குடித்தோம்.

போகிறவர்களுக்கு: திரும்பி வர ஓட்டோ கிடைப்பது அரிது, வந்ததையே நிறுத்தி வையுங்கள். காத்திருப்போடு 4,000 ரூபாய். தொப்பி அவசியம். குடும்ப நோய் எழுதுவோர் இரண்டு பக்கமும் விசாரியுங்கள், நேரில் போய்.

திரும்பும்போது அதே பாலத்தில் சாரதி கேட்டார்: "படை வரல்லையே ஐயா?"

"ஒருத்தன் இருக்கான்," என்றேன்.