வீரம்மாள் வீட்டு இட்லிப் பானை

மீன்சுருட்டியில் எங்கள் தெருவுக்கே ஒரே இட்லிப் பானை, வீரம்மாளுடையது. எழுபதுகளில் எங்களுக்கு இட்லி என்றால் தீபாவளிதான். மற்ற நாளெல்லாம் கம்பங்கூழ். தீபாவளியன்று விடிந்ததும் மாவோடு அவள் வாசலில் நிற்போம். ஆளுக்கொரு வசவு விழும். அவித்துக் கொடுத்ததற்கு வீட்டுக்கு ஒரு கிண்ணம் கறிக்குழம்பு அவளுக்குப் போகும். அவள் அன்றைக்குக் குழம்பே வைத்ததில்லை.

ஒரு வருஷம் எதிர்வீட்டுப் பொன்னாயி புதுப் பானை வாங்கிவிட்டாள். "எல்லாரும் அங்கயே போய்த் தொலைங்க" என்று வீரம்மாள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தீபாவளி விடியலில் கதவைத் தட்டியது பொன்னாயியேதான். கையில் மாவு. பின்னால் மொத்தத் தெருவும்.

"யக்கா, நீங்க திட்டாம தீவாளி மாதிரியே இல்லைன்னு எங்க வூட்டுக்காரரு எண்ணெய் தேய்க்காம உக்காந்திருக்காரு."

வீரம்மாள் மாவைத் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்ப யாருடி போடுவா, ஒம் மாமியாளா?"