மேட்டடி வாய்க்கால்

கல் குவாரி திறக்கக் கடன் கொடுப்பது லேசு. கைவிட்டுப் போன குவாரியைச் சரிசெய்யக் கடன் கொடுப்பதுதான் பெரும்பாடு. எங்கள் ஒட்டன்சத்திரம் கிளைக்கு அப்படி ஒரு விண்ணப்பம் வந்தபோது, மேனேஜர் கோப்பை என் மேசைக்குத் தள்ளிவிட்டார். "உங்க ஊர்தான மேடம், நீங்களே பாத்துருங்க" என்றார். என் ஊர் என்பதால்தான் நான் பார்க்கக் கூடாது. அதை அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

ஊர் என்றால் மலையடிவாரத்தில் நாலு வரிசை வீடு. சிலோன் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திரும்பி வந்தவர்களுக்கு அரசு கட்டிக் கொடுத்தது. அம்மா இன்னும் அதைத் தோட்டத்துப் பேச்சில் லயம் என்றுதான் சொல்கிறாள். வீடுகளுக்குப் பின்னால் குவாரி. ஆம்பளைகள் அங்கே கல் உடைத்தார்கள், பெண்கள் சீசனில் பெரும்பாறைப் பக்கம் காபிப் பழம் பறிக்கப் போனார்கள். குவாரியில் இரண்டு பள்ளம். பழைய பள்ளத்தில் வேலை நின்று தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. நான் மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த வருடம், என் தங்கச்சி ஆட்டைத் தேடிப் போய் அதில் விழுந்துவிட்டாள். பதினொரு வயது. நான் வந்து சேர்வதற்குள் புதைத்துவிட்டார்கள். ஆடு சாயங்காலம் தானாக வீட்டுக்கு வந்துவிட்டதாம். அதை யாரும் என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் அம்மா என்னைக் கூட்டிப்போய் ஒரு கல்லைக் காட்டினாள். நான் சரியாகப் பார்க்கவில்லை. அன்றைக்கு எனக்கு அழுகை வரவில்லை. அப்புறமும் வரவில்லை. முதல் வருடம் அதை நினைத்து வெட்கப்பட்டேன், பிறகு பழகிவிட்டது.

எங்களுக்கென்று இடுகாடு ஒதுக்கவில்லை. குவாரிக்காரர் கழிவுக் கல்லைக் கொட்டிய மேட்டின் அடிவாரத்தில்தான் புதைப்போம். அந்த மேட்டிலேயே ஒரு கல்லைப் பொறுக்கித் தலைமாட்டில் நட்டுவிடுவோம். பேர் எழுதுவது கிடையாது. அவரவர் கல் அவரவருக்குத் தெரியும். தங்கச்சி போன பிறகும் குவாரி சில வருடம் ஓடியது. பிறகு பள்ளத்தையும் மேட்டையும் அப்படியே போட்டுவிட்டுக் குவாரிக்காரர் போய்விட்டார். பள்ளத்துக்கு வேலி கிடையாது. மனு எழுதி எழுதி ஊருக்கே கை வலித்தது. பள்ளத்தில் வருமானம் இல்லை, அதனால் அதற்குப் பணம் போடவும் ஆள் இல்லை.

இப்போது விண்ணப்பித்தவர் அந்தக் கழிவு மேட்டை அரைத்து எம்-சாண்ட் ஆக்கி விற்கப் போகிறார். அரசுத் திட்டத்தில் ஒரு பங்கு, எங்கள் வங்கியில் ஒரு பங்கு. முதல் தவணை இயந்திரத்துக்கு. இரண்டாவது தவணை இரண்டு பள்ளத்தையும் சுற்றி வேலி போடுவதற்கு. நான் போய்ப் பார்த்து, வேலை ஒழுங்காக நடக்கிறது என்று அறிக்கை எழுதினால்தான் அந்த இரண்டாவது தவணை வரும். எனக்கு அந்த வேலி வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

மதிப்பீடு செய்ய வந்தவர் எங்கள் தலைமாட்டுக் கற்களையும் கழிவோடு சேர்த்து அளந்து வைத்திருந்தார்.

"கல்லுதானங்க மேடம்" என்றார்.

"கல்லுதான் சார். கீழ உங்க வீட்டு ஆளு இல்லேல்ல?" என்றேன்.

சண்டை போட்டு அந்த இடத்தைக் கோப்பிலிருந்து விலக்க வைத்தேன். போதாதென்று நானே ஒரு நிபந்தனையும் சேர்த்தேன். மழையில் சகதி இறங்கிக் கற்களை மூடிவிடாமல், கற்களுக்கு மேல்புறம் மேட்டடியோடு ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டும், நெஞ்சளவு ஆழம். கையெழுத்துப் போட்டபோது பெருமையாகக்கூட இருந்தது.

வேலை தொடங்கி மேடு பாதி கரைந்து, அதன் அடி பின்னுக்குப் போயிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, பக்கத்து வீட்டு அண்ணன் போன் செய்தார். அவருடைய அப்பாவையும் மேட்டடியில்தான் புதைத்திருந்தார்கள். "வெரசா வா தாயி. வாய்க்கா வெட்டுன எடத்துல எலும்பு வருது."

நான் போனபோது பொக்லைன் நின்றிருந்தது. டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி உட்கார்ந்திருந்தார். வாய்க்கால் ஓரத்தில் தார்ப்பாயை விரித்து, கிடைத்ததையெல்லாம் ஊர்க்காரர்கள் அதில் எடுத்து வைத்திருந்தார்கள். பெரிதும் சிறிதுமாகக் கலந்து கிடந்தது. கற்கள் அங்கிருந்து சரிவில் முப்பதடி தள்ளிக் கீழே, நட்டது நட்டபடி நின்றன.

"கல்லு அங்க இருக்கு. இது எப்படிண்ணே இங்க?" என்றேன்.

"ஒனக்குத் தெரியாதா?" அண்ணனுக்கே ஆச்சரியமாகிவிட்டது. "குவாரிக்காரன் கொட்டக் கொட்ட மேடு எறங்கி வந்துச்சுல்ல. கல்லு மூடிப்போச்சுன்னா சூடம் எங்க பொருத்துறது? அதான் கல்ல மட்டும் பிடுங்கிப் பிடுங்கி முன்னால நட்டுக்கிட்டே வந்தோம். மூணு தடவ."

ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நான் யாரையும் கேட்கவில்லை. கல் இருக்கிற இடத்தில்தான் ஆள் இருப்பார் என்று வங்கிக்காரி மாதிரி நினைத்துவிட்டேன். கடைசியில் என் தங்கச்சியைத் தோண்டி எடுத்தது என் நிபந்தனை. தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

அண்ணன் பக்கத்தில் வந்தார். "போலீசு, தாசில்தாருன்னு போச்சுன்னா வேல நின்னுரும். அப்புறம் வேலி வந்த மாதிரிதான். நாங்களே மொத்தமா ஒரே குழியில வச்சுக்கிறோம். நீ எழுதிக் கிழுதி வச்சுறாத."

அம்மா வரவில்லை. வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"யம்மா, பாப்பா அங்கதான் இருந்திருக்கா. நீ இத்தன வருசமும் வெறுங்கல்லுக்குல்ல சூடம் காட்டியிருக்க."

"வெறுங்கல்லா?" அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "போடி இவளே. நான் கல்ல மட்டுமா தூக்குனேன்? ஒவ்வொரு தடவையும் பேரு சொல்லி, வாடி தாயின்னு கூப்பிட்டுட்டுத்தான் தூக்குனேன். நான் கூப்பிட்டு அவ வராம இருப்பாளா?"

மதியத்துக்குள் கற்களுக்கு நடுவே ஒரே குழி வெட்டி எல்லாவற்றையும் வைத்து மூடினார்கள். யாருடையது எது என்று யாரும் கேட்கவில்லை. நான் ஜீப்பில் உட்கார்ந்து ஆய்வறிக்கையை நிரப்பினேன். வாய்க்கால்: வெட்டப்பட்டுள்ளது. பணி முன்னேற்றம்: திருப்தி. கடைசியில், குறிப்பிடத்தக்க வேறு விவரங்கள் என்று ஒரு கட்டம் இருக்கும். உண்மையை எழுதினால் வேலி வராது. பள்ளம் திறந்தே கிடக்கும், அந்த நாலு வரிசையிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

கிளம்பும்போது அம்மா கல்லுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நடந்தேன்.

"நீயும் ஒருக்கா கூப்பிட்டுருடி" என்றாள். "இன்னைக்கு எலும்பையும் எடுத்து வச்சிருக்கோம். அதுவும் இதுவுமா அவளுக்குக் கொழப்பமா இருக்கும். அக்கா கூப்பிட்டா வந்துருவா."

கல்லைப் பார்த்து நின்றேன். பேர் தெரியும். இரண்டே எழுத்து. வாயைத் திறந்தேன், காற்று மட்டும்தான் வந்தது. மறுபடியும் திறந்தேன். அம்மா அவசரப்படுத்தாமல் நின்றாள். மேலே காபி எஸ்டேட் பக்கம் மழை இறங்கிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா குனிந்து, கல்லின் மேல் கையை வைத்தாள்.

"அக்காளுக்குத் தொண்ட கட்டிக் கெடக்கு தாயி" என்றாள். "தப்பா எடுத்துக்கிறாத. நீ வா."